முதுமைக்கு எது காப்பு?

இலவச வைத்தியத்தின் காலம் முடிந்துவிட்டது, இனிக் காப்புறுதியே வழி என்னும் பேச்சு இலங்கையிலே அவ்வப்போது எழுந்தவண்ணம் இருக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளிலே மருந்து இல்லாமற் போனதைக் கண்டவர்களுக்கு இப்பேச்சு நியாயமானதாகவும் தோன்றலாம். அயலிலுள்ள இந்தியாவைச் சுட்டிக்காட்டி, அங்கே எழுபது வயதானவர் கையில் ஒரு காப்பீட்டு அட்டை இருக்கின்றதே, எம் முதியோர் கையில் என்ன இருக்கின்றது என்று கேட்போரும் உளர். நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆயினும் அந்த அட்டை எதைக் காக்கின்றது, எதைக் காக்காமல் விடுகின்றது என்பதை ஆராயாமல் விடை சொல்வது பொறுப்பாகாது.

ஆராய்வதற்கு ஓர் இடம் வேண்டும். சமூகத் திட்டங்கள் தலைநகரத்து மேசையில் ஒழுங்காகவே தோன்றும். நாட்டின் ஓரத்திலே வாழும் ஒரு முதியவர், நடக்கவியலாத ஒருவர், தம் வீட்டு வாசலிலிருந்து நோக்கும்போதே அவற்றின் உண்மை உருவம் தெரியும். இக்கட்டுரையில் நாம் தலைமன்னாரை அளவுகோலாகக் கொள்கின்றோம். மன்னார்த் தீவின் மேற்குக் கோடியில், ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள் தொடங்குமிடத்தில் இருக்கும் இவ்வூர் இலங்கையின் கடைசி ஊர். இந்தியாவுக்கு மிக அண்மையான ஊர். இருநாட்டு முறைகளையும் ஒப்புநோக்கத் தக்க இடம் இதுவே.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஒரே கருத்துக்குத் தமிழிலே இரண்டு சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டார் 'காப்பீடு' என்பர். ஈழத்தார் 'காப்புறுதி' என்பர். ஈடு என்பதற்குப் பல பொருள் உண்டெனினும், இழந்த பின் கிடைக்கும் ஈடு என்பதே காதில் முதலிற் படுகின்றது. உறுதி என்பதோ இழக்குமுன் கொடுக்கப்படும் வாக்கு. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் சமுதாயத்திடம் எதிர்பார்ப்பது ஈட்டையா, உறுதியையா? இதுவே எமது வினா.

* * *

நோயும் முதுமையும் தனிமனிதனின் தலைவிதி என்று கருதப்பட்ட காலம் நெடியது. கைத்தொழில் யுகம் அந்தக் கருத்தை உடைத்தது. கிராமத்தையும் கூட்டுக் குடும்பத்தையும் விட்டு ஆலைக்கு வந்த தொழிலாளி நோயுற்றால் அவனைத் தாங்குவதற்கு ஒருவரும் இலர். ஜெர்மனியிலே பிஸ்மார்க் 1883 இல் நோய்க் காப்புறுதிச் சட்டத்தையும், 1889 இல் முதுமைக்கும் இயலாமைக்குமான காப்புறுதிச் சட்டத்தையும் கொண்டுவந்தார். தொழிலாளர் மீது பிறந்த இரக்கத்தால் அவர் அதைச் செய்யவில்லை. எழுந்து வந்த சோஷலிஸ இயக்கத்தின் வேகத்தைத் தணிப்பதே நோக்கமாயிருந்தது. எவ்வாறாயினும் ஒரு வழி பிறந்தது. தொழிலாளியின் ஊதியத்தில் ஒரு பகுதி பிடிக்கப்படும். முதலாளியும் ஒரு பகுதி கட்டுவான். நோய் வந்தால் நிதி கொடுக்கும். இது முதல் வழி.

இரண்டாம் வழி பிரித்தானியாவில் 1948 ஜூலை 5 ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தேசிய சுகாதார சேவை. இங்கே நோயாளி காப்புறுதிக்காரன் அல்லன், குடிமகன். வைத்தியசாலையை நடத்துவது அரசு. செலவைத் தாங்குவது பெரும்பாலும் பொது வரி. ஒருவன் எவ்வளவு கட்டினான் என்ற கணக்கு வைத்தியசாலை வாசலிலே கேட்கப்படுவதில்லை.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தாலன்றி இன்றைய விவாதம் விளங்காது. காப்புறுதி முறையில் அரசு நோயாளிக்காகச் சிகிச்சையை விலைக்கு வாங்குகின்றது. பொதுச் சேவை முறையில் அரசே சிகிச்சையை அளிக்கின்றது. முன்னதற்கு அட்டை வேண்டும், பட்டியல் வேண்டும், உச்சவரம்பு வேண்டும், தகுதியுடையோரையும் தகுதியற்றோரையும் பிரிக்கும் எழுத்தர் வேண்டும். பின்னதற்கு வேண்டுவன வைத்தியசாலையும் வைத்தியரும் மருந்துமே.

காப்புறுதி முறையின் பெரிய உதாரணம் அமெரிக்காவின் 'மெடிகேர்'. அந்நாட்டின் தலைவர் ட்ரூமன் 1945 இலேயே அனைவருக்கும் தேசியக் காப்புறுதி வேண்டும் என்றார். வைத்தியர் சங்கம் அதனைச் சோஷலிஸ வைத்தியம் என்று தூற்றி முறியடித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1965 ஜூலை 30 இல், ஜோன்சன் கையெழுத்திட்ட சட்டம் 65 வயதானவர்களை மட்டும் காப்புக்குள் கொண்டுவந்தது. முதல் அட்டை முதுமையடைந்திருந்த ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது. 1972 இல் செய்யப்பட்ட திருத்தம் நீண்டகால இயலாமையுற்றோரையும் சிறுநீரகம் செயலிழந்தோரையும் சேர்த்துக்கொண்டது.

அதன் பெருமையை மறைப்பது எமது நோக்கமன்று. அச்சட்டத்துக்கு முன் அமெரிக்க முதியோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வைத்தியசாலைக் காப்புறுதி இருக்கவில்லை. மேலும், கறுப்பரையும் வெள்ளையரையும் வேறு வேறு கூடங்களில் வைத்திருந்த தென்மாநில வைத்தியசாலைகள், அந்தப் பிரிவினையைக் கைவிட்டாலன்றி மெடிகேர்ப் பணம் கிடையாது என்ற நிபந்தனையால் 1966 இல் பெருமளவு பணிந்தன. பொதுப் பணம் நீதியின் கருவியாகவும் இயங்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் அதன் ஓட்டைகளும் கற்பிக்கத்தக்கவை. வைத்தியசாலையில் தங்குவதற்கு ஒரு பகுதி, வைத்தியர் கட்டணத்துக்கு மற்றொரு பகுதி என்று அது துண்டு துண்டாக அமைந்தது. இரண்டாம் பகுதிக்கு மாதாந்தத் தவணை கட்டவேண்டும். அதன் பின்னும் செலவில் பொதுவாக 20 சதவீதத்தை நோயாளியே ஏற்கவேண்டும். வெளியில் வாங்கும் மருந்துக்கான பகுதி 2006 இல்தான் வந்தது. இயலாமைக் கொடுப்பனவு பெறுவோர் பெரும்பாலும் 24 மாதம் காத்திருந்தே காப்புக்குள் நுழையலாம். பல், கண்ணாடி, செவிக் கருவி ஆகியவை அடிப்படைத் திட்டத்தில் பெரும்பாலும் இல்லை. எழவும் குளிக்கவும் உண்ணவும் பிறர் உதவி வேண்டும் முதியவருக்கு நாள்தோறும் தேவைப்படும் நீண்டகாலப் பராமரிப்பு அதில் அடங்கவே இல்லை. முதுமை என்றாலே எவை நினைவுக்கு வருமோ அவையெல்லாம் முதியோர் காப்புறுதிக்கு வெளியே நிற்கின்றன!

இந்தியாவின் கதை அண்மையது. தமிழ்நாட்டில் 2009 இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் 2012 இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறு உருவம் பெற்றது. மத்திய அரசின் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு. 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பிய அனைவருக்கும் வருமான வேறுபாடின்றி அது விரிக்கப்பட்டது. இருதய அறுவைச் சிகிச்சைக்காக நிலத்தை விற்க இருந்த குடும்பம் அட்டையினால் தப்பியிருக்கும். அதை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அந்த அட்டை வைத்தியசாலையிற் படுத்தவருக்கு உரியது. மாதந்தோறும் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வாங்குபவருக்கு அது பயன்படாது. முதுமையின் நோய்கள் பெரும்பாலும் படுக்கையில் தொடங்குவனவல்ல; படுக்கையில் முடிவன.

* * *

இலங்கை இரண்டாம் வழியைத் தேர்ந்தது. அது தானாக வந்த பேறன்று. 1931 இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934-35 இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவிப் பல்லாயிரவரைக் கொன்றது. நிவாரணப் பணிக்குக் கிராமங்களில் இறங்கிய இளம் இடதுசாரிகள், நோய்க்கும் பட்டினிக்கும் உள்ள உறவைக் கண்ணாரக் கண்டனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. வாக்குக் கேட்டு வருபவன் வைத்தியசாலைக்கும் பதில் சொல்லவேண்டிய நிலை உண்டாயிற்று. 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் பெறும் முறை கொண்டுவரப்பட்டது, அற்பத்தொகைதான். ஆயினும் வருவோர் தொகை குறைந்தது. 1977 இல் அது கைவிடப்பட்டது. ஏழைக்கு 25 சதமும் ஒரு மதில் என்பதை எமது நாடே சோதித்து அறிந்திருக்கின்றது.

எனவே, எம் முதியோர் கையில் என்ன இருக்கின்றது என்ற வினாவுக்கு முதல் விடை இது: எந்த வயதினரும், எந்த வருமானத்தினரும், அட்டை காட்டாமல் நுழையக்கூடிய வைத்தியசாலை இருக்கின்றது. அமெரிக்காவில் 65 வயதுக்கும், இந்தியாவில் வறுமைப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்க்கு 70 வயதுக்கும் காத்திருந்து பெறுவதை இங்கே பிறந்த குழந்தையும் பெறுகின்றது.

இதை இனாம் என்று சொல்லும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. அரசின் வரி வருமானத்தில் பெரும்பகுதி, பொருள்களின் விலையோடு சேர்த்து வாங்கப்படும் மறைமுக வரிகளாலேயே வருகின்றது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். தலைமன்னார்த் துறையிலே வலை இழுப்பவன் வருமான வரி கட்டாதவனாயிருக்கலாம்; ஆனால் கடையில் எதை வாங்கினாலும் அரசுக்குக் கொடுத்துவிட்டே வீடு திரும்புகின்றான். ஐம்பது ஆண்டு அவ்வாறு கட்டியவனை, முதுமையில் வைத்தியசாலை வாசலில், தவணை கட்டாதவன் என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

* * *

இனித் தலைமன்னாருக்கு வருவோம். 1914 இல் தனுஷ்கோடிக்கும் இவ்வூருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வரும் பெருவழியின் வாசலாக இது ஆயிற்று. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர் இவ்வழியாலேயே வந்திறங்கினர். அதற்கும் முந்திய காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைப் பக்கம் நடந்து, கொலராவிலும் காய்ச்சலிலும் மடிந்தோர் பலர். தொழிலாளி செத்தால் தோட்டம் நடவாது என்ற கவலை பிறந்தபோது, 1872 இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் குறித்து ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. உழைக்கும் உடலைக் காப்பதே அதன் அக்கறை; உழைக்கமுடியாத உடலைப்பற்றி அது கவலைப்படவில்லை. இந்த மனப்பான்மை இன்று முற்றாக மறைந்துவிட்டதா என்பதை வாசகர் சிந்திக்கவேண்டும்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த கப்பற் சேவையும் போர்க்காலத்தில் நின்றது. 1990 இல் புகையிரதமும் நின்றது. அதே ஆண்டு மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழர் பலர் படகேறி மண்டபம் முகாமை அடைந்தனர். 2015 மார்ச்சில் புகையிரதம் திரும்பி வந்தது. போன மனிதர் எல்லோரும் திரும்பவில்லை. பிள்ளைகள் கடல் கடந்து இருக்க, முதியோர் தனித்து இருக்கும் வீடுகள் இக்கரையிற் பல.

இந்த ஊரில் முதுமை எவ்வாறு வருகின்றது? தொழிலோடு வருகின்றது. உப்புக்காற்றிலும் வெயில் பட்டுத் தெறிக்கும் நீரொளியிலும் ஆண்டுக்கணக்கிற் காய்ந்த கண்ணிலே திரை படர்கின்றது. வலை இழுத்த தோளும் இடுப்பும் முன்னதாகவே தேய்கின்றன. மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைக்கும் பெண்ணின் முழங்கால் குந்தியிருந்தே பழுதாகின்றது. அவளுடைய உழைப்போ எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் பூட்டிக் குளிக்கும் இளைஞர் ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்தால், இரத்தத்திற் கரைந்த நைதரசன் குமிழிகளாகி முள்ளந்தண்டைத் தாக்குகின்றது. உரிய அமுக்க அறைச் சிகிச்சை உடனே கிட்டாவிடின் இடுப்புக்குக் கீழ் உணர்வு போய்விடும். இருபத்தைந்து வயதிலே முதுமை! போரினால் உறுப்பிழந்தோரை இவர்களோடு சேர்த்து எண்ணுக. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 சதவீதம், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனும் இடர்ப்பாடுள்ளோர் 8.7 சதவீதம். அதன் பின்னர் முதியோர் பங்கு மேலும் உயர்ந்துள்ளது.

இவர்களுக்கு வைத்தியசாலைக் கதவு திறந்தே இருக்கின்றது. ஆனால் கதவு எங்கே இருக்கின்றது? தலைமன்னாரில் பிரதேச வைத்தியசாலை உண்டு. சாதாரண நோய்க்கு அது போதும். விசேட வைத்தியரைக் காணத் தீவின் மறுகோடியிலுள்ள மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் சுமார் 30 கிலோமீற்றர் போகவேண்டும். அங்கும் இயலாதென்றால் வவுனியா, யாழ்ப்பாணம், அனுராதபுரம். பின்னிரண்டும் நூறு கிலோமீற்றருக்கு மேல். நடக்கவியலாதவர் பஸ் ஏறமுடியாது. முச்சக்கர வண்டியோ வாடகை வானோ பிடிக்கவேண்டும். தனியே போகமுடியாது, மகளோ மருமகனோ ஒருநாட் கூலியை விட்டு உடன் வரவேண்டும். இல்லாத மருந்துக்குச் சீட்டு எழுதித் தரப்படும். வெளி மருந்தகத்திற் காசு கொடுத்து வாங்கவேண்டும். அனுராதபுரத்தில் வைத்தியரிடமும் தாதியிடமும் நோவைச் சொல்ல மொழி தெரியாது; 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதென்பது அவ்வேளையிலே துணைக்கு வருவதில்லை. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதியை மக்கள் தம் பையிலிருந்தே கொடுக்கின்றனர் என்று ஆய்வாளர் கூறும்போது, பஸ் கட்டணமும் இழந்த கூலியும் அந்தக் கணக்கிற் பெரும்பாலும் சேர்வதில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆகவே சிகிச்சை இலவசம். சிகிச்சைக்குப் போகும் வழி இலவசமன்று. இதுவே எமது முறையின் உண்மையான குறை. காப்புறுதி அட்டை இக்குறையைத் தீர்க்குமா? அட்டை வைத்தியரைப் படைப்பதில்லை, சாலையைக் குறுக்குவதில்லை. அது சிகிச்சையை விலைக்கு வாங்கும் சீட்டு. விற்பவன் இருக்கும் இடத்தில்தான் அது செல்லும். இலாபத்துக்காக நடக்கும் பெரிய மருத்துவமனை மன்னார்த் தீவின் கோடியில் ஒருநாளும் எழப்போவதில்லை. அட்டைக்கான பணம் பொதுக் கருவூலத்திலிருந்து வெளியேறி, கொழும்பின் தனியார் மருத்துவமனைகளைச் சேரும். அதே அளவுக்குத் தலைமன்னார் வைத்தியசாலை வறுமையுறும். ஓரத்து ஊருக்குப் பிறகு இருப்பது, பெட்டியில் வைத்த அட்டை மட்டுமே.

* * *

ஏற்கனவே உள்ள சட்டங்களையும் நிதியங்களையும் இந்நோக்கில் வாசித்துப் பார்க்கவேண்டும். சட்டமும் ஒரு நூலே; அதற்கும் விமர்சனம் உண்டு.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையை அமைத்தது. அதன் தலைப்பிலே உரிமை என்ற சொல் இருக்கின்றது. உள்ளே நுழைந்தால், பெற்றோரைப் பராமரித்தல் பிள்ளைகளின் கடமை என்பதும், கைவிடப்பட்ட முதியவர் பராமரிப்புச் சபையின் முன் பிள்ளைமேல் முறையிடலாம் என்பதும் முக்கிய இடம் பெறுகின்றன. இந்தியாவின் 2007 ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வாறானதே. கொடிய பிள்ளைகள் உளர். அவர்களுக்குச் சட்டம் வேண்டியதே. ஆனால் தலைமன்னாரின் முதியவளைக் கைவிட்டது மகனா? எரிபொருள் விலையால் படகைக் கரையேற்றிவிட்டு நிற்கும் மகன், தாயைக் கைவிட்டவனா, தானே கைவிடப்பட்டவனா? உரிமை என்று தொடங்கி, கடனைக் குடும்பத்தின் தலையில் இறக்கிவைப்பதில் அரசுக்குள்ள சௌகரியத்தை நாம் கவனிக்கவேண்டும். குடும்பம் என்று இங்கே சொல்லப்படுவது நடைமுறையில் மகளும் மருமகளுமே. அவர்களுடைய இரவும் பகலும் எவருடைய வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பேசுகின்றது. பொதுக் கட்டடங்கள் அவர்கள் நுழையத்தக்கனவாக இருக்கவேண்டுமென 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்தன; 2011 இல் உயர் நீதிமன்றமும் அதை வற்புறுத்தியது. சக்கர நாற்காலியோடு நாட்டின் எந்தப் பஸ்ஸில் ஏறலாம் என்று கேட்டால், கட்டடத்துக்கு முந்திய படி இன்னும் கட்டப்படவில்லை என்பது தெரியும்.

மீனவர்க்கு 1990 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் ஓய்வூதியமும் சமூகப் பாதுகாப்பும் வகுக்கப்பட்டன. தவணை கட்டினால் முதுமையிலும் இயலாமையிலும் பணம். இது காப்புறுதி வழியே. ஆனால் கடல் மாதச் சம்பளம் தருவதில்லை. காற்றடிக்கும் மாதங்களிலே தவணைக்கு எங்கே போவது? இதைப் போன்றே 1987 இல் விவசாயிகளுக்கென வகுக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் 2012 அளவில் நிதி வற்றி நின்று, 2014 இல் மறுபடி தொடங்கியதை நினைத்துப் பார்த்தால், ஏழைகளின் தவணையால் மட்டும் ஏழைகளைக் காக்கும் நிதி எவ்வளவு மெலிந்தது என்பது புலப்படும்.

மறுபுறத்தில் அரச ஊழியருக்கு 'அக்ரஹார' என்னும் மருத்துவக் காப்புறுதி உண்டு. தேசியக் காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அதை நடத்துகின்றது. எம் வாசகரில் ஆசிரியராக உள்ளோர் தம் சம்பளச் சீட்டிலே அதன் பெயரைக் கண்டிருப்பர். அவர்கள் அதைப் பெறுவது தவறன்று. ஆனால் பொதுச் சேவையைக் காக்கவேண்டிய படித்த பகுதியினரை, வேறொரு சிறு கதவைத் திறந்துவிட்டு மெல்ல அகற்றிவிடும் ஆற்றல் இத்தகைய திட்டங்களுக்கு உண்டு. ஆசிரியர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டால், வைத்தியசாலையில் மருந்தில்லை என்று மனு எழுதுவதற்கு யார் எஞ்சுவர்?

மிகுந்த செலவுள்ள சிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கின்றது. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்நிதியத்துக்கு விண்ணப்பிக்கக் கொழும்பையே நாடவேண்டியிருந்த நிலை 2025 இல் மாறி, பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. வரவேற்கத்தக்க மாற்றம். முதியோர் கொடுப்பனவும் 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆகவும், மாற்றுத்திறனாளிகளின் கொடுப்பனவு 7,500 இலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்தன. ஆயினும் இவை யாவும் மனுவின் பேரில் கிடைப்பவை. பட்டியலில் பெயர் இருந்தாற் கிடைப்பவை. மனுவும் பட்டியலும் உள்ள இடத்தில் உறுதி இல்லை. எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலே சுகாதாரம் ஓர் உரிமையாக எழுதப்படவில்லை என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். எழுபது ஆண்டுக்கு மேலாக நடக்கும் சேவை இன்னும் அரசின் விருப்பத்தின் மேலேயே நிற்கின்றது!

* * *

இலக்கியப் பத்திரிகையில் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புறநானூற்றின் 243 ஆம் பாட்டிலே, தடியூன்றி இருமலிடையே சொல் தடுமாறும் ஒரு முதியவர், இளமையில் ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியதை எண்ணி ஏங்குகின்றார். புலவரின் இயற்பெயர் மறைந்தது. அம்முதியவரின் கைத்தடியைக் குறித்த தொடரே அவர் பெயராய் நின்றது. முதுமையின் இழப்பை அத்துணை நேர்மையாகச் சொன்ன பாட்டு தமிழில் அரிது. ஆனால் அதன் பிறகு நம் இலக்கியம் பெரும்பாலும் அந்த ஏக்கத்திலேயே தங்கிவிட்டது. கிழவரும் கிழவியும் எம் கதைகளிலே கண்ணீருக்குரியோர், ஊனமுற்றோர் இரக்கத்துக்குரியோர். மடுவிற் குளித்தவரின் இருமலுக்கு மருந்து எங்கே என்று கேட்கும் கதை எத்தனை? இரக்கத்தை வளர்க்கும் இலக்கியமும், கொடுப்பனவைப் பிச்சைபோல் நீட்டும் அலுவலகமும் ஒரே மனப்பான்மையின் இரு கிளைகள். முதியவரை உரிமையுள்ள குடிமகனாகக் காணும் பார்வை இரண்டுக்கும் இனித்தான் வரவேண்டும்.

* * *

அப்படியானால் செய்யவேண்டுவது என்ன? வழியை இலவசமாக்குதல். இது கனவு என்போருக்கு எம் நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின் நாடு முழுவதும் பரவிய 1990 அம்புலன்ஸ் சேவை, அவசர நோயாளியைக் கட்டணமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றது. அவசரத்துக்கு இயலுமாயின், மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகவேண்டிய நடக்கவியலாதவருக்கு ஒரு வண்டி ஏன் இயலாது? 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது, வைத்தியசாலைகளில் கட்டிக் கொடுத்த கிளினிக் மருந்துகளைத் தபால் ஊழியர் வீடுகளுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தனர். தபாற்காரர் போகாத ஊர் இலங்கையில் இல்லை. ஊரடங்கு நீங்கிவிட்டது, தலைமன்னாரின் முடவருக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஊரடங்காகவே தொடர்கின்றது.

அயலாரிடம் கற்பதாயின், அட்டையைவிடக் கற்கத்தக்கது தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருதல், படுக்கையிலிருப்பவருக்கு நோவு தணிக்கும் பராமரிப்பு, உடலியக்கப் பயிற்சி என்பன அதில் அடங்கும். கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவு தணிப்பு இயக்கம், அயலவரையே தொண்டராக்கி வீடுதோறும் சென்றது; 2008 இல் அம்மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. இவ்விரண்டும் நோயாளியைத் தேடிச் செல்லும் முறைகள். பொதுச் சேவை உள்ள நாட்டிலேயே இவை எளிதில் வேர்கொள்ளும். எமக்கு அந்த நிலம் ஏற்கனவே பண்பட்டிருக்கின்றது.

பணம் எங்கே என்ற வினா எழும். நெடுங்காலமாக அரசு சுகாதாரத்துக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கின்றது. அந்தச் சிறுதொகையைக் கொண்டே, பணக்கார நாடுகளும் வியக்குமளவுக்குத் தாய் சேய் மரணத்தை இந்நாடு குறைத்தது. மறைமுக வரியில் ஏழையிடம் வாங்குவதைச் சொத்திலும் பெருவருமானத்திலும் வாங்கினால் இன்னும் கொஞ்சம் கூட்டமுடியாதா? காப்புறுதியாயினும் பணம் வானத்திலிருந்து வருவதன்று, மக்களிடமிருந்தே வருகின்றது. இடையிலே தரகுக்கும் இலாபத்துக்கும் ஒரு பங்கு போகின்றதென்பதே வேறுபாடு.

மாணவரும் ஆசிரியரும் இதில் வெறும் வாசகராக இருக்கலாகாது. தம் ஊரில் கிளினிக்குக்குப் போகமுடியாமல் வீட்டில் இருப்போர் எத்தனை பேர், எந்த மருந்து எத்தனை மாதம் வைத்தியசாலையில் கிடைக்கவில்லை, எத்தனை பேர் செவிக் கருவிக்கும் சக்கர நாற்காலிக்கும் காத்திருக்கின்றனர் என்று கணக்கெடுப்பது ஒரு பாடசாலை விடுமுறையில் முடியக்கூடிய வேலை. அக்கணக்கு பிரதேச செயலகத்தின் மேசையில் வைக்கப்பட்டால், மனுவாக இருந்தது கோரிக்கையாக மாறும். ஊர்கள் பலவற்றின் கணக்குகள் ஒன்றுசேர்ந்தால், சுகாதாரத்தை அரசியலமைப்பின் உரிமையாக எழுது என்று கேட்கும் பலம் பிறக்கும்.

ஈட்டை அட்டை தரலாம். உறுதியை அமைப்பாக நின்று கேட்கும் மக்களே பெறமுடியும். 1951 இல் நாம் பெற்றது அவ்வாறு பெற்றதே. அதை விற்று அட்டை வாங்குவதா, அதைத் தலைமன்னார் முதியவளின் வாசல்வரை நீட்டுவதா என்பதே இன்று எம்முன் உள்ள தேர்வு. நாம் இரண்டாவதையே தேர்கின்றோம்.